ஆட்டைத் திவசத்துக்கு முன் ஒரு பள்ளத்தாக்கு

என்ர இஞ்சருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து இப்படித்தான் கூப்பிட்டேன், இப்போது மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவது? லண்டனில், எங்கள் ஸ்ட்ரெதமில், மழை. உங்கள் தக்காளிக் கன்றுகள் தம்பாட்டில் காய்த்துக் கிடக்கின்றன.

செய்தி இதுதான். நான் அரிசோனாவுக்குப் போய் வந்துவிட்டேன். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததும் நடக்க வேண்டும் என்று நீங்கள் ஓயாமல் சொன்ன அந்தப் பாலைவனப் பள்ளத்தாக்கில் நடந்தேன். எங்கள் மகள் தர்சினி லீவு எடுத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

நீங்கள் கண்ணை மூடி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, முதல் வருடத் திவசம் இனித்தான். சவுத்தாலிலிருந்து உங்கள் அக்கா போன் எடுத்தா. "ஆட்டைத் திவசம் முடியேல்லை. அதுக்கிடையிலை உமக்கென்ன உலாத்து? சனம் என்ன கதைக்கும்?" மச்சாளைக் குறை சொல்ல ஏலாது. எனக்கே அந்தப் பயம் இருந்தது. முதல் வருடம் கோயிலும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை என்று ஆர்ச்வே முருகனைக்கூட எட்டிப் பார்க்காமல் இருந்தவள்தானே நான்?

பாதை நெடுக, அங்கே முன்பு வாழ்ந்த சனங்களைப் பற்றிப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். பானைத் துண்டுகள், சோளம் அரைத்த கல், செம்பாறை இடுக்கில் கட்டிய வீடுகள். மியூசியத்தில் நீங்கள் கடைசி எழுத்துவரை வாசிப்பீர்கள், நான் கால் கடுக்க நின்று புறுபுறுப்பேன். இந்த முறை நான் வாசித்தேன். "அம்மா, நீங்கள் அப்பாவை விட மோசம்" என்றாள் தர்சினி.

ஒரு வளைவில் பாறைச் சித்திரங்கள். மான்கள், சுழிகள், கை அடையாளங்கள். இது புனித இடம், அந்தச் சனங்களின் வழிவந்தவர்கள் இன்றும் வந்து வணங்குகிறார்கள் என்று பலகை சொன்னது. அவ்வளவுதான், யோசிக்காமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். வேறென்ன செய்யும் இந்தக் கால்? மணல் தாச்சிச் சட்டியாய்ச் சுட்டது. நான் துள்ள, தர்சினி விழுந்து விழுந்து சிரிக்க, எனக்கும் வயிறு நோகச் சிரிப்பு. பிறகு ஒரு சப்பாத்தை மட்டும் திரும்பப் போட்டுக்கொண்டு நின்று கும்பிட்டேன்.

கும்பிட்ட பிறகுதான், துக்க வருடத்தில் சிரித்ததும் கும்பிட்டதும் உறைத்துத் திடுக்கென்றது. "பிழை விட்டிட்டனோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பு நின்றது. "நீங்கள் சிரிச்சு எவ்வளவு காலம், அம்மா? உங்களைப் பாத்துத்தான் நானும் சிரிக்காமல் இருந்தனான்."

துக்கம் காப்பது என் கடமை என்று இருந்தேன். பக்கத்தில் இந்தப் பிள்ளையும் அதைச் சேர்ந்து காக்கிறாள் என்று எனக்கு ஏன் தெரியவில்லை? நீங்கள் இருந்திருந்தால் என்னை ஏசியிருப்பீர்கள்.

வந்த பிறகு மச்சாள் திரும்பவும் எடுத்தா. "எப்பிடி இருந்தது?"

"சந்தோசமாய் இருந்தது, மச்சாள்."

"படம் ஏதும் எடுத்தனீரோ?" என்று கேட்டா.

எடுத்தோம். தர்சினியின் புது டிஜிட்டல் கமெராவில், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிறேன். உங்கள் திவசத்தன்று வீடு கொள்ளாத சனம் வரும். அன்றைக்கு அதை உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். ஆர் என்ன கதைச்சாலும் எடுக்க மாட்டேன்.

தர்சினியின் அம்மா,
இன்றைக்கும் உங்கள் மனுசி