ஒற்றைக்கொம்பு

ஜனவரி 9, வெள்ளி

கண்ணாடிக் கடையில் பதினாறு பேருக்குக் கண் பார்த்தேன். கடைசியாக மகள் சிட்டுவை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஏழு வயது. இரண்டாம் வகுப்பு முடியப்போகிறது, இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. டீச்சர் சொல்லிவிட்டார்: "வருஷக் கடைசிக்குள்ள வாசிக்கலைன்னா இதே வகுப்புலதான் சார் இருக்கணும்."

கண்ணில் ஒரு குறையும் இல்லை. தூரத்துப் படங்களையெல்லாம் பட்பட்டென்று சொல்கிறாள். பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்படட்டும் என்று ஆசைப்பட்ட அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கண்ணாடிதான் என்றால் நாளைக்கே செய்து போட்டிருப்பேனே.

ஜனவரி 11, ஞாயிறு

மனைவியின் கப்பல் ஏதோ துறைமுகத்துக்கு வந்திருக்கிறது. அவளுக்குக் கப்பலில் சமையல் வேலை. கரைக்கு வந்தால்தான் போன். ஆறு நிமிஷம் பேசினாள்.

"சிட்டு எப்படிப் படிக்கிறா?"

"நல்லாப் படிக்கிறா."

ஏன் பொய் சொன்னேன்? போனைச் சிட்டுவிடம் கொடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன்.

ஜனவரி 20, செவ்வாய்

நாய்ப் பாடத்தைக் கடகடவென்று வாசித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் பார்த்தால் விரல் மூன்றாம் வரியில் இருக்கிறது, வாய் ஐந்தாம் வரியில். அத்தனையும் மனப்பாடம். பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் காதால் கேட்டே இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

கத்திட்டேன். 'கொடி'ங்கிற ஒரே வார்த்தை. இருபது தடவை. வாய் தவறி 'மக்கு'ன்னு— வாய் தவறி எல்லாம் இல்ல, சொல்லணும்னுதான் சொன்னேன்.

அவ அழல. புத்தகத்தை மூடி வச்சிட்டு, "ஆமாப்பா"ன்னா.

சோறு இறங்கல. இதைச் சொல்லி அழ இந்த வீட்ல ஒரு ஆள் கிடையாது.

பிப்ரவரி 4

இரண்டு பேரும் பேசவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

"அப்பா சொன்னது தப்புடா" என்றேன். தலையை ஆட்டினாள். 'கொடி'யில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்டேன். இத்தனை நாளில் இதைக் கேட்கத் தோன்றவில்லை பார்.

"கொம்பு முன்னாடி நிக்குது. ஆனா முன்னாடி சொல்லக் கூடாதாம். நடுவுல க. அப்புறம் காலு. மூணு இருக்கு, சத்தம் ஒண்ணுதானாம். எதை முதல்ல பாக்கறதுன்னு யோசிக்கறதுக்குள்ள எல்லாம் கலைஞ்சிடுதுப்பா."

நியாயமான குழப்பம்தான். முப்பது வருஷத்துக்கு மேல் வாசிக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை.

கடையிலிருந்து காலி லென்ஸ் பெட்டிகளைக் கொண்டுவந்து அட்டையாக வெட்டினேன். 'கொ' முழுசும் ஒரே அட்டையில். மூன்றாகப் பார்க்க வேண்டாம், ஒரே முகமாகப் பார் என்றேன்.

பிப்ரவரி 19

ஒரு நாளைக்கு ஐந்து அட்டை. நேற்றுத் தெரிந்தது இன்று தெரியவில்லை. ஏறினால் முழம், சறுக்கினால் சாண் என்றாவது இருக்கக் கூடாதா? இங்கே இரண்டும் முழமாக இருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

மனைவியின் போன் வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், 'மக்கு' உட்பட.

"போன தடவையே அவ என்கிட்ட சொல்லிட்டா. 'எனக்கு வாசிக்க வரலம்மா, அப்பா பாவம், அப்பாகிட்ட கேக்காத'ன்னா. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

ஆக, மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம்.

மார்ச் 17

'தொட்டி.' அட்டை இல்லாமல். தெருவில், ஒரு கடைப் பலகையில் வாசித்தாள். நான் கவனிக்காத மாதிரி நடந்தேன். கவனித்தால் பயந்துவிடுவாளோ என்று.

ஏப்ரல் 10, வெள்ளி

மூன்றாம் வகுப்புக்குப் போகிறவர்களின் பட்டியலைப் பள்ளியில் ஒட்டிவிட்டார்கள். நான் போய்ச் சேரும்போது வாசலில் கூட்டம் கலைந்திருந்தது. சிட்டு மட்டும் பலகை முன்னால் நின்றிருந்தாள். விரலை வைத்து, வாயசைத்து, ஒவ்வொரு பேராகப் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிடாமல் பின்னால் நின்றேன். ஒரு பேரில் தடுக்கினாள்; திரும்பி வந்து, கூட்டி, தாண்டினாள். கடைசி வரி முடிந்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"முப்பத்தோரு பேருப்பா. எல்லாத்தையும் வாசிச்சிட்டேன். என் பேரு இல்ல."