டிவிக்கு மேலே இருந்த பாறை

விவேக் நகர், பெங்களூர்
ஞாயிறு, பூசைக்குப் போய் வந்து

அன்பு மகள் ஆஞ்சலாவுக்கு,

குழந்தை இயேசுவின் தயவால் இங்கே அப்பாவும் நானும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் நீ அழுதபோது அப்பா பக்கத்திலேயே நின்றதால் என்னால் மனம்விட்டுப் பேச முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம், மேல் வீட்டு க்ளென் ஆஸ்திரேலியா வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். அந்தத் தேசியப் பூங்காவில் விடியும் முன் இருட்டில் போர்டைக் கவனிக்காமல் போய், சிவப்புப் பாறையையும் அதன் அடியில் இருக்கும் சுனையையும் படம் எடுத்துவிட்டாய். அது அங்கத்துப் பூர்வகுடிப் பெண்களுக்கு மட்டுமே உரிய இடம், ஆண்கள் படத்தில்கூடப் பார்க்கக் கூடாது என்று பிறகு அந்தப் பெண்களே வந்து சொன்னார்கள். உன் படங்களை வைக்கவிருந்த கண்காட்சியிலிருந்து நீ உடனே அந்தப் படத்தை விலக்கிக்கொண்டாய், அந்தப் படம் இல்லாவிட்டால் நீயும் வேண்டாம் என்று கண்காட்சி நடத்துகிறவர்கள் உன்னைக் கைகழுவிவிட்டார்கள். வெயிலிலும் புழுதியிலும் வருஷக்கணக்காக அலைந்து கிடைத்த வாய்ப்பு, எனக்கு வயிறு எரிகிறது கண்ணு. ஆனாலும் நீ செய்ததுதான் சரி.

இப்போது வீட்டுக் கதையைக் கேள். அந்தப் படத்தை அப்பா பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, பிரேம் போட்டு, டிவிக்கு மேலே மாட்டியிருந்தது உனக்குத் தெரியும். பிரேசர் டவுனில் மௌரீன் அத்தைக்கும் கிறிஸ்மஸ் பரிசாக ஒன்று கொடுத்திருந்தது தெரியாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட நிறுத்தி, எம் பொண்ணு எடுத்தது என்று காட்டாமல் விடமாட்டார். நீ போனில் கழற்றச் சொன்னதை நான் அவரிடம் சொன்னதும், விவேக் நகர்ல நாம என்ன மாட்டி வச்சிருக்கோம்னு அந்தப் பொம்பளைங்களுக்கு எப்படித் தெரியும், சும்மா இரு என்று எரிந்து விழுந்தார். சில நாள் படத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்து காபி குடித்தார். அப்புறம்தான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நீ பெரியவளான அன்று மௌரீன் அத்தை ஆசையாகப் படம் எடுக்க ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்துவிட்டார், நீ அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாய். அப்பாதான் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எம் பொண்ணு வேணாம்னா வேணாம் என்று ஸ்டூடியோக்காரரைத் திருப்பி அனுப்பினார். இதைச் சொல்லி, அந்தப் பெண்களும் அதைத்தானே கேட்கிறார்கள் என்றேன். சாயங்காலம் பார்த்தால் அந்த முழங்காலோடு ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஆட்டோ பிடித்து அத்தை வீட்டுக்கும் அவரே போனார். குடுத்த பரிசை யாராவது திருப்பிக் கேப்பாங்களா அண்ணா என்று அத்தைக்குக் கோபம், படத்தைக் கொடுத்துவிட்டார், ஆனால் அன்றிலிருந்து போன் இல்லை, நீ ஒரு வார்த்தை அவரிடம் பேசிவிடு.

அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று இனி அழாதே. கேமராவை மூட்டைகட்டி வைத்துவிடாதே. தனியாகப் போகாதே, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள், போர்டு இருந்தால் நின்று படி. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

அப்பா ஒன்று எழுதச் சொன்னார், மறக்காமல் செய். அந்தப் பெண்களை மறுபடி பார்த்தால், ஆம்பளைங்க பாக்கக் கூடாதுன்னு தெரியாம நானும் தினம் பாத்துட்டேன், மன்னிச்சுக்கச் சொல்லு என்றார்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
பிலோமினா