கிள்ளிய மொட்டு

அபர்ஃபெல்டி,
செப்டம்பர் 4, 1976

அன்புள்ள திருமதி ரென்னி,

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எழுதுகிறேன். இந்தக் கோடையில் மழையில்லை. பிர்ச் மர நிழலில் என் கணவர் ஹெக்டர் வளர்த்த இமயமலை நீலப் பாப்பிப் பூச்செடிகள் ஒன்றுவிடாமல் கருகிவிட்டன. விதையும் கட்டவில்லை. மிஞ்சியிருப்பது, அவர் இறந்த வசந்தத்தில் என்னைக் கேட்காமல் நீங்கள் பெயர்த்துக்கொண்டு போன தூர் மட்டும்தான். அதில் ஒரு துண்டு தருவீர்களா? கேட்பது எனக்கு எளிதாக இல்லை.

யூஃபீமியா கால்பிரெய்த்

*

ஓடைக்கு இக்கரை,
செப்டம்பர் 6

அன்புள்ள யூஃபி,

நாற்பது வருடம் ஜெஸ்ஸியாக இருந்தவள் திருமதி ஆகிவிட்டேனா? செடியை நான் எடுக்கவில்லை. ஹெக்டர்தான் ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். “நல்ல செடி நாலு வீட்டுல இருந்தாத்தான் தங்கும் ஜெஸ்ஸி. யூஃபிகிட்ட மூச்சு விடாத, ஒரு இலையக்கூட வெளிய விடமாட்டா அவ” என்றார். “அப்ப திருடிங்கற பேரு எனக்கா?” என்று சிரித்தேன். அப்படியே ஆனது. அடுத்த வாரம் அவர் போய்விட்டார். போனவர் மேல் உனக்கு வருத்தம் வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன்.

உன் வேலியோரம் கூடை வைத்திருக்கிறேன். துண்டு இல்லை, பாதித் தூர். வேர் காய்வதற்குள் நடு.

ஜெஸ்ஸி

*

செப்டம்பர் 7

அன்புள்ள ஜெஸ்ஸி,

மன்னிப்புக் கேட்கும்போது காரணம் சொல்லக் கூடாது என்று கான்வென்டில் கற்றுக்கொடுத்தார்கள். தவறு என்னுடையது. மன்னித்துவிடு. நட்டுவிட்டேன்.

யூஃபி

*

மே 29, 1977

என் அன்பு ஜெஸ்ஸி,

நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

நட்ட முதல் வருடம் பூக்கவிட்டால் இந்தச் செடி அதோடு தீர்ந்துபோகும். மொட்டைக் கிள்ளினால்தான் பக்கக் குருத்து விடும். தெரியும். ஆனால் எண்பத்தொரு வயதில் அடுத்த வருடத்தை நம்பி எப்படிக் கிள்ளுவது? நேற்று அரைமணி நேரம் நின்றேன். மொட்டின் பிளவில் நீலம் தெரிந்தது. நீதான் வேலிக்கு அப்பாலிருந்து கத்தினாய்: “கிள்ளித் தொலையேன்டி! நீ இல்லாட்டி நான் பாத்துட்டு மேல வந்து சொல்றேன்!”

கிள்ளிவிட்டேன். இன்று காலை நீ சொன்னதை நினைத்துச் சிரித்தும்விட்டேன்.

அடுத்த வருடம் பூத்து ஓய்ந்ததும் தூரைப் பிரிப்பேன். ஒன்று பாதிரியாருக்கு, ஒன்று தபால்காரர் மனைவிக்கு. நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஹெக்டர் இனி எதையும் சாக்கில் ஒளித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

நன்றியுடன்,
உன் யூஃபி