மாதா கெபியில் செய்த சத்தியம்

தங்கச்சிக்கு,

உன் மகள் கல்யாணப் பந்தியில் எனக்கு இலை போடாததை நான் மறக்கவில்லை. உன்னோடு பேசுவதில்லை என்று மாதா கெபியில் சத்தியம் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஈரான் அணுகுண்டு செய்கிறது என்று இஸ்ரேல் போய் அடித்ததாம். இப்போது ஈரான் திருப்பி அடிக்கிறது. அந்த இஸ்ரேலில்தான் என் பேத்தி மோனிஷா ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள்.

“சைரன் அடிச்சா கிழவிய தூக்கிக்கிட்டு கீழ ஓடணும் ஆயா, நீ பயப்படாத” என்றாள். அதற்குப் பிறகு போன் வரவில்லை. மகனைக் கேட்டால் டிவியை அணைத்துவிட்டு வெளியே போகிறான்.

உன் பேரனும் அதே ஊரில்தானே இருக்கிறான். உன்னோடு பேசுகிறானாம். அடுத்து அவன் கூப்பிட்டதும் போனோடு என் வூட்டுக்கு வா. எது என்றாலும் அவன் வாயால் கேட்டுக்கொள்கிறேன். நீ பேசாதே. சத்தியம் உன்னோடுதான், அந்தப் பிள்ளையோடு இல்லை.

உன் அக்கா