அரை அங்குலம் சேர்த்தாச்சு

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று தொடங்கி, அதை அடித்துவிட்டேன். மற்றவர்கள் நன்றாக இருக்கிறார்கள். நான் இல்லை. போனில் சொல்ல வேண்டியதுதானே, எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், நீயும் போனால் போகிறது என்று விட்டுவிடுவாய். இத்தனை வருடமும் நாம் இரண்டு பேரும் அப்படித்தான் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம். காகிதத்தில் எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மாமாவுக்குத் தோள் முழுக்கச் சரியாகிவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறார், யார் வந்தாலும் காட்டுகிறார், கேஸ் கொண்டுவந்தவரிடம்கூடக் காட்டினார். அடுத்த வாரம் திரும்பவும் லாரி ஓட்டப் போகிறார். என் மகள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். என்னிடம் 'சுமார்' என்றாள். உன்னிடம் 'சூப்பரா எழுதியிருக்கேன் சித்தி' என்றாளாம். நல்ல செய்தி எல்லாம் சித்திக்கு, சுமாரான செய்தி பெற்றவளுக்கு. சரி, அதை விடு.

தையல் கடையில் பெரிய மிஷின் மறுபடியும் நூலை அறுக்கிறது. பழுது பார்ப்பவர் வந்து எண்ணெய் விட்டு, தலையைத் தட்டிப் பார்த்து, மிஷினுக்கு வயதாகிவிட்டது என்றார். என்னைப் பார்த்துக்கொண்டே ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலையில் இணையத்தில் உன் பக்கத்தில் நீ போட்டிருந்த அறிவிப்பைப் படித்தேன். சின்னக் குழந்தைகளுக்கான ஆஸ்பத்திரிச் சட்டையின் அளவுத் தாளில் கைப்பகுதி அரை அங்குலம் குறைந்துவிட்டது, சரிபார்த்தது நீ, தவறு உன்னுடையது, இந்த மாதக் கடைசியில் எல்லாத் தாள்களையும் எடுத்துவிடப் போகிறாய், இனிமேல் பொதுவில் எதையும் போடுவதாக இல்லை. எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டிருந்தாய். படித்துவிட்டுக் கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தவறு உன்னுடையது இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அங்கே போனால் என்னை நீ அரக்கி என்று நினைப்பாய். கொஞ்சம் பின்னால் இருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்.

அந்தச் சட்டை எப்படி வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்வேன். உன் மாமா தோளை உடைத்துக்கொண்டு படுத்திருந்தபோது சட்டை மாட்டினால் கத்தினார், மாட்டாவிட்டால் குளிர்கிறது என்று கத்தினார். பொறுக்க முடியாமல் அவருடைய பழைய சட்டையைக் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை வெட்டி, ஓரத்தில் நாடா வைத்துத் தைத்தது நான். கையை அசைக்காமல் மேலே போர்த்தி, நாடாவை முடிந்தால் போதும். லீவுக்கு வந்திருந்த நீ அதைப் பார்த்துவிட்டு, காக்கித் தாளை விரித்து, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒல்லி, நடு, தடி என்று மூன்று அளவுக்கு வரைந்தாய். வெட்டியது நான், வரைந்தது நீ. இதில் யாருக்கும் சண்டை இல்லை.

நீ ஊருக்குப் போய் அதை எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுவிட்டாய். யாரும் எடுத்துக்கொள்ளலாம், தைக்கலாம், மாற்றலாம், மாற்றியதைத் திரும்பப் பகிரலாம், எங்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள் என்று. என்னிடம் கேட்டாய், நானும் சரி என்றேன். ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்கள் போட்டுக்கொள்ளட்டுமே, நமக்கென்ன என்று நினைத்தேன். கீழே என் பெயரையும் போட்டு, 'அக்காவும் நானும் சேர்ந்து செய்தது' என்று எழுதியிருந்தாய். அதுவும் நியாயம்தான்.

ஆனால் கடிதங்கள் வர ஆரம்பித்ததே, அங்கேதான் எனக்குப் பிசகியது. எங்கெங்கிருந்தோ படம் அனுப்பினார்கள். படுக்கையில் சிரிக்கிற கிழவர், கையில் ஊசி குத்திய பெண், பூப்போட்ட துணியில் தைத்தது, போர்வையில் தைத்தது. எல்லாக் கடிதமும் உனக்கு. 'உங்கள் மனசுக்கு நன்றி', 'உங்கள் கைக்கு நன்றி'. எந்தக் கைக்குடீ? ஒவ்வொன்றையும் நான் படித்தேன். ஒன்றுவிடாமல் படித்து, ஒன்றுவிடாமல் வயிறு எரிந்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி கடைக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். பார்த்தால் நம் தாள். அவள் அச்செடுத்ததில் கடைசி வரி வெளியே போயிருந்தது, உன் பெயர் மட்டும் மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. "அக்கா, இதே மாதிரி ஆறு சட்டை வேணும். இதைப் போட்டவங்க பெரிய ஆளு. அவங்க குடுத்த அளவை விட்டு நீங்க ஒரு நூல்கூட மாத்திடாதீங்க" என்றாள்.

நான் அதைச் செய்தவள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கவும் மாட்டாள். ஆறு சட்டையையும் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்துக் கொடுத்தேன், ஒரு நூல்கூட மாற்றவில்லை. என் சட்டையை எனக்கே பாடம் எடுத்துவிட்டுப் போனாள் அந்தப் பெண். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, உன்மேலும் இல்லை. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

அந்த வாரம் பார்த்துத்தான் நீ போன் செய்தாய். குழந்தைகள் அளவு கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள், மூல வரைபடம் எல்லாம் உன்னிடம் இருக்கிறது, ஐந்து அளவு போட்டுப் படம் எடுத்து அனுப்பு என்றாய். நம் வழக்கம் உனக்குத் தெரியும். தாளில் நாம் போடும் கோடு தையல் ஓடும் கோடு. தையலுக்கு விடும் அரை அங்குலத்தைத் துணியில் சாக்பீஸால் கண்ணளவில் விட்டு வெட்டுவோம். நமக்கு அது மூச்சு விடுகிற மாதிரி, வெளியாட்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் நீ திரும்பத் திரும்பச் சொன்னாய்: இந்தத் தடவை அரை அங்குலத்தை நீயே தாளில் சேர்த்துவிடு, சேர்த்தாச்சு என்று மேலே எழுதிவிடு, எனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று.

நான்கு அளவுக்குச் சேர்த்தேன். ஐந்தாவதற்கு, மூன்று வயதுக் குழந்தையின் கைப்பகுதிக்குச் சேர்க்கவில்லை. மறதி இல்லை. ஸ்கேலை வைத்தேன், பென்சிலை வைத்தேன், எடுத்துவிட்டேன். மேலே 'அரை அங்குலம் சேர்த்தாச்சு' என்று எழுதினேன். நல்ல கையெழுத்தில்தான் எழுதினேன்.

என்ன நினைத்துச் செய்தேன் என்று கேட்டால், ஒரே ஒருத்தராவது உன்னைத் திட்டி எழுத வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அந்தத் தாளை வைத்து ஒரு குழந்தைக்குத் தைப்பார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. முப்பது வருடம் துணி வெட்டியவளுக்கு ஏறவில்லை. தினமும் கடையைத் திறந்ததும் சாமிக்கு விளக்கு ஏற்றாமல் உன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை.

அப்புறம் அந்தப் பெயிண்டர் எழுதினார். வீட்டுச் சுவர்களுக்கு வர்ணம் அடிக்கிறவர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஊசியைப் பிடித்ததாக எழுதியிருந்தார். கையில் மாவுக்கட்டுப் போட்ட மூன்று வயது மகளுக்கு, தன்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டையை வெட்டித் தைத்திருக்கிறார். இரண்டு ஓரமும் அரை அரை அங்குலம் குறைந்தால் சுற்றளவில் ஒரு அங்குலம் போச்சு. மனிதருக்கு அது தெரியுமா? தான்தான் சரியாகத் தைக்கவில்லை என்று நினைத்து நாடாவை இழுத்துக் கட்டியிருக்கிறார். விரலெல்லாம் சிவந்து பிள்ளை அலறியிருக்கிறது. கத்தரிக்கோலால் நாடாவை வெட்டித்தான் எடுக்க முடிந்ததாம். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் காத்திருந்த கடிதம் வந்தும், அதில் வசவு இல்லை.

அதோடு விட்டாரா? குறைந்த இடத்தில் ஒரு துணிப் பட்டையை ஒட்டுப் போட்டு, நாடாவை இரண்டு வரிசையாக வைத்துவிட்டார். கை வீங்கியிருந்தால் வெளி வரிசையில் கட்டு, வீக்கம் வற்றினால் உள் வரிசையில் கட்டு. அதைப் பழைய பேப்பரில் வரைந்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டுவிட்டார். அக்கா தங்கை இரண்டு பேர் பெயரையும் மேலே எழுதியிருந்தார், என் பெயரை முதலில். பார்த்தவுடன் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இது நமக்கு ஏன் தோன்றவில்லை என்று அவர்மேலும் பொறாமை வந்தது. அந்த நேரத்திலும்! என்னை நீ என்ன செய்தால் தகும்?

நேற்று உன் அறிவிப்பைப் படித்த பிறகு உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "உன் தங்கச்சிக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும். சேர்த்தாச்சுன்னு நீ எழுதின தாளோட படம் அவகிட்டதானே இருக்கு?" என்றார்.

அது எனக்கு உறைக்கவே இல்லை பார். பெயிண்டர் எழுதியவுடன் நீ முதலில் அந்தப் படத்தைத்தான் எடுத்துப் பார்த்திருப்பாய். நான்கு சரியாக இருந்து ஒன்று மட்டும் குறைந்தால் அது மறதியா என்று என்னோடு ஒரே மேஜையில் வெட்டியவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரெல்லாம் பார்க்க, தவறு என்னுடையது என்று எழுதிவிட்டாய். போன வாரம் போனில் பேசியபோது மிஷினைப் பற்றி விசாரித்தாய், நூலை மாற்றிப் பார் என்று சொன்னாய். அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இதோடு ஐந்து அளவும் புதிதாக வரைந்து வைத்திருக்கிறேன். பெயிண்டரின் இரண்டு வரிசை நாடாவையும் சேர்த்திருக்கிறேன், அவர் பெயரையும் எழுதியிருக்கிறேன். என்னை நம்பாதே. டேப்பை வைத்து ஒவ்வொரு கோட்டையும் அளந்து பார், அப்புறம் போடு. தாள்களை எடுத்துவிடாதே. அந்த நர்ஸ் நேற்று மறுபடியும் வந்தாள், குழந்தைகள் வார்டில் கை கால் உடைந்தவர்கள் பதினொரு பேர் இருக்கிறார்களாம். நான் செய்ததற்கு அவர்கள் வெறும் போர்வையோடு கிடக்க வேண்டாம்.

உன் அறிவிப்புக்குக் கீழே நானே எழுதிவிடலாம் என்று நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தேன். நீ எழுதிய ஒரே வரியை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் அடுத்த பத்தியை அப்படியே எடுத்துப் போட்டுவிடு. உன் பாஷையிலேயே சொல்கிறேன், யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பகிரலாம், ஒரு வார்த்தைகூட மாற்றக் கூடாது.

'மூன்று வயது அளவில் அரை அங்குலம் குறைந்தது என் தங்கையின் தவறு இல்லை. அக்காவாகிய நான் தெரிந்தே குறைத்தேன். அவளுக்கு வந்த பாராட்டைப் பார்க்கப் பொறுக்காமல் செய்தேன். பெயிண்டரிடமும் அவர் மகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.'

இதைப் போட்ட பிறகு என்னோடு பேச வேண்டும் என்று உனக்குத் தோன்றாவிட்டால் புரிந்துகொள்வேன். திட்டவாவது கூப்பிடு. ஆனால் மிஷினைப் பற்றி மட்டும் கேட்காதே, அதை என்னால் தாங்க முடியாது.

பொறாமை ஒழிந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. ஒழியவில்லை. ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை ஓயக் கூடாது, உனக்கு வருகிற கடிதங்கள் இப்போது வருவதைப் போலப் பத்து மடங்கு வர வேண்டும். எனக்கு வயிறு எரிந்தால் நான் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னோடு பிறந்தவள்