இரண்டாம் பெட்டியில் மம்தா

ஆகஸ்ட் 11, திங்கள்

மம்தாவுக்கு இன்று முதல் கல்லூரி. பெங்களூரில் டிப்ளமோ. உரிகம் ஸ்டேஷனில் ரயில் வருமுன்பே சொல்லிவிட்டாள். "அப்பா, நான் உன் பெட்டியில வரமாட்டேன். ரெண்டாவது பெட்டியில என் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க."

சரி என்றேன். பதினேழு வயதுப் பெண். பதினெட்டு வருடமாக நான் ஐந்தாவது பெட்டியில் ஒயிட்ஃபீல்டு வரை வேலைக்குப் போகிறேன். அந்தப் பெட்டிக்கு என்ன குறை? சீட்டாட்டம், கிளமெண்டின் கத்தல், பக்தவச்சலத்தின் குறட்டை. கொஞ்சம் புரிகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

'ரயில் எங்கே' வாட்ஸ்அப் குழுவில் அவளையும் சேர்த்துவிட்டேன். தினமும் போய்வருகிற இருநூறு பேர் அதில் இருக்கிறோம். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு தாமதம் என்று யாராவது போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொன்றும் செய்தேன். நான் ஒயிட்ஃபீல்டில் இறங்கிவிடுவேன். கிளமெண்டும் பக்தவச்சலமும் கடைசி வரை போகிறவர்கள். "பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றேன். வீட்டில் என் மனைவி லதாவிடம் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஆகஸ்ட் 28, வியாழன்

தகவல் ஒழுங்காக வருகிறது. ஏறினாள், இறங்கினாள், மூன்று பெண்களோடு நடந்து போனாள். எங்கள் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்கூட இப்படி நேரத்துக்கு வராது.

மாலையில் அவளே எல்லாம் சொல்கிறாள். லேப், கேண்டீன் சாம்பார், சிடுசிடுக்கும் ஒரு மேடம். பாதி எனக்கு முன்பே தெரியும். தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டேன். கூச்சமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாலையில் பக்தவச்சலம் ஒரு படம் அனுப்பினார். பெங்களூர் பிளாட்பாரத்தில் மம்தா ஒரு பையனோடு நின்று டீ குடிக்கிறாள். கீழே, "ஜெயகரா, உங்க பாப்பா. பையன் யாருன்னு விசாரிச்சு சொல்றேன்."

எனக்கு அனுப்ப வேண்டியதை 'ரயில் எங்கே'வில் போட்டுவிட்டார். அவர் அழிப்பதற்குள் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். மம்தாவும்.

ஒரே ரயிலில்தான் திரும்பினோம், வேறு வேறு பெட்டியில். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றாமலே கேட்டாள். "எத்தினி நாளா?"

"மொத வாரத்துலேர்ந்து."

"அப்போ நான் வந்து சொன்னதையெல்லாம் சும்மா கேக்கற மாதிரி நடிச்சியா நீ?"

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லதா அழுதாள். "உங்களுக்கு இன்னா கேடு வந்துச்சுங்க?" என்றாள்.

செப்டம்பர் 10, புதன்

மம்தா தட்டைத் தூக்கிக்கொண்டு உள் ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

தசரா லீவு முடிந்ததும் பெங்களூரிலேயே ஏதாவது ஒரு பி.ஜி.யில் தங்கிக்கொள்கிறாளாம். என்னிடம் சொல்லவில்லை, லதா வழியாக வந்த செய்தி. தோழிகளோடு இடமும் பார்த்துவிட்டாளாம்.

போகட்டும் என்று சொல்லிவிடலாம். வாரத்துக்கு ஒரு போன் வரும், "சாப்டேன், நல்லா இருக்கேன்" என்று. அவ்வளவுதான் எனக்கு மிஞ்சும். அந்தப் பையன் யார் என்று கேட்க வாய்வரை வருகிறது. கேட்டால் அந்தப் போனும் வராது. டேய் ஜெயகரா, பொண்ணு கையவிட்டுப் போயிடுவாடா — தெரியுதா உனக்கு?

செப்டம்பர் 14, ஞாயிறு

குழுவில் எல்லோரும் பக்தவச்சலத்தைத் திட்டித் தீர்க்கிறார்கள். மனிதர் நான் சொன்னதைத்தானே செய்தார்?

மூன்று முறை எழுதி அழித்துவிட்டுக் கடைசியில் அனுப்பினேன். "என் மகளைப் பார்த்துச் சொல்லச் சொன்னவன் நான். தப்பு என்னுடையது. இனி யாரும் அவளைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம்."

கிளமெண்ட் உடனே கூப்பிட்டார். "இன்னாப்பா, நீ கேட்டேன்னு ஒத்தாசை பண்ணா, அத்தினி பேர் எதிர்ல எங்களையும் சேர்த்து அசிங்கப்படுத்திட்டியே!" வைத்துவிட்டார்.

மம்தா படித்துவிட்டாள். அது எனக்குத் தெரியும். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

ஐந்தாம் பெட்டியில் எனக்கு இடம் போட்டு வைக்கவில்லை. மாலூர் வரை நின்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

லீவு முடிந்தது. பி.ஜி. பேச்சு இல்லை, நானும் எடுக்கவில்லை. டிபன் பாக்ஸோடு ஸ்டேஷனுக்கு வந்தாள். "எந்த வண்டியில வரேன்னு மட்டும் மெசேஜ் போடறேன். மத்தத நீ கேக்காத" என்றாள். கேட்க மாட்டேன் என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

தினமும் ஒரு மெசேஜ், இரண்டே சொல். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. ஃபேக்டரியில் ஒரு பார்ட்டை அளந்து பார்க்காமலே 'சரி' என்று பாஸ் போடுகிற மாதிரி இருக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று எனக்கு லீவு. மாலையில் மெசேஜ். "எப்பவும் வர வண்டிதான். ஸ்டேஷனுக்கு வரியாப்பா? அம்மா வேணாம்."

இறங்கினாள். கண் வீங்கியிருந்தது. பின்னாலேயே கிளமெண்ட் இறங்கினார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். போய்விட்டார்.

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் கேட்டாள். "நீயும் அம்மாவும் சண்ட போட்டா யாருப்பா மொதல்ல பேசுவீங்க?"

"நான்தான்."

"பொய்."

"சரி, அம்மாதான்."

"அப்போ நானும் போய்ப் பேசணுமா?"

"தப்பு யார் மேல?"

"அவன் மேல."

"அப்போ அவன் வந்து பேசட்டும் பாப்பா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். யார் அவன், என்ன தப்பு? நான் கேட்கவில்லை. வீட்டு வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தி, "அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

அவள் குளிக்கப் போனதும் லதா கேட்டாள். "ஏங்க இவ்ளோ நேரம்? இன்னா சொன்னா?"

ரயில் லேட் என்றேன்.