பதினோரு பூஜ்யங்கள்

பிப்ரவரி 3

அன்பு மருமகளே,

நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் பெயர் அச்சான ஆராய்ச்சிப் புத்தகம் வந்தது. ஒரு வரி புரியவில்லை. அதனால் என்ன? தபால்காரர், பால்காரர், மாடிவீட்டு டீச்சர் என்று ஒருவரையும் விடாமல் பிடித்துக் காட்டினேன். "பதினாலு நாட்டு ஜனங்க ஏன் தற்கொலை பண்ணிக்கிறாங்கன்னு என் மருமக கண்டுபிடிக்கிறா" என்றேன். டீச்சர் முகத்தைச் சுளித்தாள். கிடக்கிறாள்.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவளின் மருமகள் வேறு எப்படி இருப்பாள்? என் முத்து முத்தான கையெழுத்தை இன்றும் அங்கே பேசுகிறார்களாம்.

ஆறு வருடமாக வீட்டை எட்டிப் பார்க்கவில்லை நீ. எப்போது வருகிறாய்?

உன் அத்தை


பிப்ரவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

தபால்காரரைக்கூட விடவில்லையா! சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

டீச்சரிடம் சொல்லுங்கள்: ஆசிய நாடுகளை அருகருகே வைத்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான். ஓரிடத்தில் பரீட்சை முடிவு, ஓரிடத்தில் வேலை போன ஆண்கள், இன்னோரிடத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாத பெண்கள், தனியாக விடப்பட்ட முதியவர்கள். ஒரே காரணம் என்று எங்கேயும் இல்லை. ஆனால் 'வெளியே சொன்னால் மானம் போய்விடும்' என்ற பயம் எல்லா இடத்திலும் கூடவே வருகிறது.

நம் ஊர்த் தற்கொலைக் கணக்கு அட்டவணையும் வந்தது. பதினோரு வருடம், பதினோரு பூஜ்யம். "உங்க ஊர்ல அப்படி என்னதான் செய்றாங்க?" என்று மேலதிகாரி பூரித்துப் போனார். எனக்குத் தலை நிமிரவில்லை. அதில் ஒரு பூஜ்யத்துக்குள் இருப்பவர் உங்கள் மகன், என் கணவர். இறப்புப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'மூன்று நாள் காய்ச்சல்' என்று இருப்பது உங்கள் கையெழுத்து.

ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். "காய்ச்சல்ல கெடந்த புருஷன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாதவ" என்று தெருவே என்னைப் பேசியபோது, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை அத்தை.

மேலதிகாரிக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

உங்கள் மருமகள்


மார்ச் 1

மருமகளுக்கு,

அங்கே உட்கார்ந்து எழுதுவது சுலபம். என் அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்று, "காய்ச்சல்னு போட்டுடுங்கம்மா, சின்னவ கல்யாணத்துக்கு நிக்கிறா" என்று அழுதவர்களை நீ பார்த்ததில்லை. இரக்கப்பட்டு எழுதினேன். பல குடும்பங்களின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமைதான்.

பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கட்டும்.

அத்தை


ஏப்ரல் 11

என் கண்ணே,

ஒரு மாதமாக உன் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

வேலை போனதை அவன் என்னிடம் சொன்னான். "யார்கிட்டயும் மூச்சு விடாதடா, உன் பொண்டாட்டிகிட்டகூட. மானம் போயிடும்" என்றேன். ஐந்து மாதம் நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு கிளம்பிப் போனானே, பூங்காவில்தான் உட்கார்ந்திருந்தான். உன்னிடம் சொல்லியிருந்தால், அவன் மனம் ஒடிந்து கிடந்ததைப் பார்த்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பாய். அவன் வாயைக் கட்டியவள் நான். பழியைச் சுமந்தவள் நீ.

போன வாரம் அலுவலகத்துக்குப் போனேன். என் பழைய ஜன்னலில் ஒரு சின்னப் பெண். திருத்த மனுவை நீட்டினேன். "இத்தன வருஷம் கழிச்சு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றாள். வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னேன்: "என் பையன் காய்ச்சல்ல சாகல. தற்கொலை பண்ணிக்கிட்டான். என் மருமக மேல ஒரு தப்பும் இல்ல."

வரிசையில் மாடிவீட்டு டீச்சரும் இருந்தாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று.

திருத்திய பதிவேட்டுப் பக்கத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. 'தகவல் தந்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்தைப் பார், அதே முத்து முத்தான எழுத்து. நான் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்த மற்ற வீடுகளுக்கும் போகிறேன். மனம் வந்தவர்கள் வந்து சொல்லட்டும். இன்று காலை ஓர் அம்மா கதவைச் சாத்தவில்லை, உட்காரச் சொன்னாள்.

உன் அத்தை


ஏப்ரல் 29

அன்பு அத்தைக்கு,

நகலை மேலதிகாரியிடம் காட்டினேன். யார் இது என்றார். "எங்க அத்தை. அந்தப் பூஜ்யத்த எல்லாம் எழுதினவங்க. இப்போ திருத்துறதும் அவங்கதான்" என்றேன். இங்கே வந்து இவ்வளவு கர்வமாக நான் எதையும் சொன்னதில்லை.

கோபமே இல்லை என்றால் பொய். அந்த ஐந்து மாதத்தை நினைத்து இரண்டு நாள் அழுதேன். ஆனால் அவர் சாவை உங்கள் ஒரு வார்த்தையின் தலையில் கட்ட மாட்டேன். பதினாலு நாட்டுக் கணக்கைப் பார்த்தவள் சொல்கிறேன், நம்புங்கள்.

லீவு சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை பகல் ரயிலில் வருகிறேன். வண்டி பிடிக்க வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து நம் தெரு வழியாக நடந்தே போவோம், நாம் இரண்டு பேரும்.

உங்கள் மருமகள்